ஐந்தாண்டு உரிமம் யாருக்கு?

பாம்பூஃப்ளாட் படகுத்துறையில் கரையேறி விம்பர்லிகஞ்சுக்கோ, 2021-இல் மவுண்ட் மணிப்பூர் எனப் பெயர் மாறிய ஹாரியட் மலைக்கோ செல்ல விரும்புவோர் வாடகை மோட்டார்க்காரரை நாடலாம். பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்த நம்மவரும் அத்தொழிலில் உள்ளனர். அவர்களுடைய உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கச் செய்தால் ஒழுங்கு வரும் என்று வாதிட்டார் விடுதி நண்பர் ஒருவர். நான் உடன்படவில்லை.

1939-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பர்மிட்டின் காலம் மூன்றாண்டுக்குக் குறையாமலும் ஐந்தாண்டுக்கு மேற்படாமலும் அதிகாரிகளின் விருப்பம்போல் அமைந்தது. 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 81-ஆம் பிரிவு அதை ஐந்தாண்டு என்றே நிலைநிறுத்திற்று. நல்ல மாற்றம்! ஒற்றைக் கார் வைத்திருப்பவன் கடன் பட்டே அதை வாங்குகிறான். கடன் ஓராண்டில் அடையுமா? ஆண்டுதோறும் சாத்தமுக்குப் படகேறி, அக்கரை அலுவலகத்தில் காத்து நின்றால், அன்றையக் கூலிக்கு யார் பொறுப்பு?

வண்டியின் தகுதி வேறு, ஆளின் உரிமம் வேறு. தகுதிச் சான்று எட்டாண்டு வரை ஈராண்டுக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுதோறும் பெறப்படுகிறது. கடற்காற்றின் உப்பு இரும்பைத் துரு ஏற்றும் வேகம் இரசாயனம் பயின்றவர் அறிந்ததே. தீவுகளில் வண்டியின் அடிப்பாகத்தை முதலிலிருந்தே ஆண்டுக்கொருமுறை சோதிக்கட்டும். நான் கையெழுத்திடத் தயார்.

ஆனால் செல்பேசி வழியே ஆயிரம் கார்களை ஆட்டிவைக்கும் நிறுவனத்துக்கும் அதே ஐந்தாண்டா? 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அவற்றை உரிமத்துக்கு உட்படுத்தியது. மத்திய அரசின் 2020, 2025 வழிகாட்டுதல்கள் இரண்டும் ஐந்தாண்டையே குறித்தன. லண்டனிலும் வழக்கமான காலம் ஐந்தாண்டுதான். எனினும் 2017-இல் ஊபரின் உரிமத்தைப் புதுப்பிக்க அந்நகரம் மறுத்தது. 2018-இல் நீதிமன்றம் வழங்கியது பதினைந்தே மாதம். 2020-இல் பதினெட்டு மாதம். 2022-இல் நகர நிர்வாகம் வழங்கியது முப்பது மாதம். குதிரைக்குக் கடிவாளம் இட்டாற்போன்ற ஏற்பாடு!

தவறு செய்தால் ரத்துச் செய்யலாமே என்பர். பெரிய நிறுவனத்தை ரத்துச் செய்தால் அதை நம்பிய ஓட்டுநரும் அன்றே தெருவில் நிற்பார். ஆதலால் எந்த அதிகாரியும் தயங்குவார். உரிமம் குறுகியதாயின், தன் தகுதியை மெய்ப்பிக்கும் சுமை நிறுவனத்தின் தலைமேல் விழும். ஆகவே நிறுவனத்துக்கு முதலில் ஓராண்டு, குறையின்றி நடந்தால் மூன்றாண்டு, அதன் பிறகே ஐந்தாண்டு கொடுக்கலாம். படகுத்துறையில் நிற்கும் ஒற்றைக் காருக்கோ முதல் நாளிலிருந்தே ஐந்தாண்டு வேண்டும்.