சேம அச்சும் வின்ச்சும்

புறநானூற்றில் ஔவையார் தந்தையையும் மகனையும் வண்டியை வைத்தே உவமித்திருக்கிறார். பண்டம் ஏற்றிய வண்டி நிலத்தில் அழுந்தித் தடைப்படும்போது மணல் பரக்கவும் கல் பிளக்கவும் அதை இழுத்துச் செல்லும் எருதாக அதியமான் வருகிறான் (90). அவன் மகன் பொகுட்டெழினி, உப்பு வணிகர் தம் வண்டியின் அடியில் கட்டிக்கொண்டு புறப்படும் சேம அச்சாக வருகிறான் (102). ஒன்று வலிமை, மற்றொன்று முன்யோசனை. பாதையற்ற இடங்களில் வண்டி ஓட்டும் நண்பர்கள் வின்ச் வாங்குவதைப் பற்றிப் பேசக் கேட்கும்போதெல்லாம் இந்த இரண்டு பாடல்களும் எனக்கு நினைவுக்கு வரும். அவர்கள் பேச்சு முழுக்க எருதைப் பற்றியதாகவே இருக்கிறது. சேம அச்சைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வின்ச்சைத் தேர்ந்தெடுப்பதில் நாம் செய்யும் பிழையெல்லாம் இங்குதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

வின்ச் நமக்குப் புதிய பொருளன்று. விசைப்படகில் மடியை இழுத்தேற்றும் உருளையைப் பார்த்தவர்களுக்கு அதைத் தெரியும். வண்டியின் முன்புறம் பொருத்தப்படும் வின்ச்சில் ஒரு மின்மோட்டார், வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும் பற்சக்கரத் தொகுதி, வடம் சுற்றும் உருளை, சுமையைப் பிடித்து நிறுத்தும் பிரேக் ஆகியவை இருக்கும். அமெரிக்காவில் ஆர்தர் வார்ன் 1948-இல் தொடங்கிய நிறுவனம் 1959-இல் பொழுதுபோக்கு வண்டிகளுக்கான மின்வின்ச்சைக் கொண்டுவந்தது. அதே நிறுவனத்தின் 8274 என்னும் புகழ்பெற்ற வகையின் பெயரே அதன் 8,000 பவுண்டு இழுவிசையையும் அது வெளிவந்த 1974-ஆம் ஆண்டையும் சேர்த்துச் சொல்வது. அன்று தொடங்கி இந்தக் கருவி தன் பெயரிலேயே ஓர் எண்ணைச் சுமந்து திரிகிறது. 8,000, 9,500, 12,000 என்று அந்த எண் ஏற ஏற வாங்குபவரின் நம்பிக்கையும் ஏறுகிறது.

அந்த எண்ணுக்கு உண்மையில் என்ன பொருள்? உருளையில் வடத்தின் முதல் அடுக்கு மட்டும் இருக்கும்போது கிடைக்கும் இழுவிசை அது. வடம் அடுக்கடுக்காகச் சுற்றிக்கொள்ளும்போது உருளையின் விட்டம் பெருக்கிறது. மோட்டாரின் முறுக்குவிசை மாறாமல் இருக்க, விட்டம் பெருத்தால் இழுவிசை குறைந்தாக வேண்டும். அடுக்குக்கு 10 முதல் 15 விழுக்காடு வரை குறையும். நான்காம் அடுக்கில் நிற்கும்போது எழுதியிருக்கும் எண்ணில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே மிஞ்சும். 9,500 பவுண்டு என்பது சுமார் 4,300 கிலோ. மரம் பக்கத்தில் இருக்கிறதே என்று நாலைந்து மீட்டர் வடத்தை மட்டும் வெளியே எடுத்து இழுப்பவர் கையில் இருப்பது 2,900 கிலோ விசைதான். அட்டைப்பெட்டியின் மேல் இருக்கும் எண்ணை அவர் வாங்கினார், அதைப் பயன்படுத்தவில்லை.

எவ்வளவு விசை தேவைப்படும் என்பதையும் பார்க்கலாம். வண்டியின் முழுச்சுமை எடையைப்போல் ஒன்றரை மடங்கு என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. ஆட்களும் பொருட்களுமாக 2,400 கிலோ வரும் வண்டிக்கு 3,600 கிலோ, அதாவது 8,000 பவுண்டு வின்ச். தொடக்கத்துக்கு நல்ல கணக்குதான். ஆனால் சேறு இந்தக் கணக்கைப் படித்ததில்லை. வண்டி மீட்புக்கான அமெரிக்க ராணுவக் கையேடுகளில் வேறொரு கணக்கு உண்டு. சக்கர ஆழத்துக்குச் சேற்றில் புதைந்தால் வண்டியின் எடை அளவுக்குத் தடை இருக்கும். சக்கரத்தின் மேல்மூடி வரை புதைந்தால் இருமடங்கு. அதற்கும் மேலே போனால் மும்மடங்கு. நம் 2,400 கிலோ வண்டி மேல்மூடி வரை அமிழ்ந்துவிட்டால் 4,800 கிலோ வேண்டும். 12,000 பவுண்டு வின்ச் முதல் அடுக்கில் சுமார் 5,400 கிலோ இழுக்கும். நான்காம் அடுக்கில் 3,600 கிலோ. பெரிய எண்ணை வாங்கியவரும் அங்கே நிற்கத்தான் வேண்டும்.

இந்த இடத்தில்தான் கப்பி வருகிறது. கிணற்றடியில் வளர்ந்தவர்களுக்கு ஒரு சிறு விளக்கம் தேவைப்படலாம். கிணற்றுக் கப்பி ஓரிடத்தில் நிலையாகக் கட்டப்பட்டது. அது விசையின் திசையைத்தான் மாற்றுகிறது, அளவைக் கூட்டுவதில்லை. ஆனால் மரத்தில் கப்பியைக் கட்டி, வின்ச்சின் வடத்தை அதன்வழி திருப்பி, முனையை மீண்டும் அதே வண்டியின் உறுதியான கொக்கியில் மாட்டினால் நிலைமை மாறிவிடுகிறது. இப்போது வண்டியை இரண்டு இழைகள் இழுக்கின்றன. வேகம் பாதியாகிறது, விசை ஏறக்குறைய இருமடங்காகிறது. வடம் இருமடங்கு வெளியே போவதால் உருளையில் அடுக்கும் குறைகிறது. அதனாலும் விசை கூடுகிறது. உராய்வு கழித்துப் பார்த்தாலும் 8,000 பவுண்டு வின்ச் ஒன்று 6,000 கிலோவை ஒட்டி இழுக்கும். கையடக்கமான ஓர் இரும்புக் கப்பி செய்யும் வேலை இது.

இதற்கு மறுப்புச் சொல்பவர்கள் உண்டு. பெரிய மோட்டார் அதே சுமையைச் சிரமமில்லாமல் இழுக்கும், சூடேறாது. ஆற்றில் நீர் ஏறிக்கொண்டிருக்கும்போது கப்பி மாட்ட நேரம் இருக்காது என்பார்கள். இரண்டும் உண்மை. மூன்று டன்னைத் தாண்டும் வண்டிக்கு நான் 8,000 பவுண்டைப் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் பெரிய வின்ச் எடையோடு வருகிறது. வடமும் அதைத் தாங்கும் இரும்பு பம்பரும் சேர்ந்து எழுபது எண்பது கிலோவை எளிதாக எட்டும். அவ்வளவும் முன்சக்கரங்களுக்கும் முன்னால் தொங்குவதால் முன்பக்கச் சுருள்வில்கள் தாழ்ந்துவிடும். சேற்றில் முதலில் அமிழ்வதும் அந்த மூக்குதான். மின்சாரத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். முழுச்சுமையில் இவ்வகை மோட்டார்கள் 400 ஆம்பியர் அளவுக்குக் கேட்கும். வண்டியின் ஆல்டர்னேட்டர் 100 ஆம்பியரைச் சுற்றித் தரும். மிச்சமெல்லாம் பேட்டரியிலிருந்து போகிறது. என்ஜினை ஓடவிட்டு, சற்று இழுத்து, நிறுத்தி, ஆறவிட்டு மறுபடி இழுப்பவரே வண்டியை வீட்டுக்குக் கொண்டுவருவார். கப்பி போட்டால் மோட்டாரின் சுமை பாதியாகி மின்சாரத் தேவையும் இறங்குகிறது.

வடத்தைப் பற்றிய சர்ச்சை தனி. எஃகுக் கம்பிவடம் பாறையில் உரசினாலும் வெயிலில் கிடந்தாலும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் அறுந்த இழைகள் ஊசிபோல் நிற்கும், தடித்த தோல் கையுறை இல்லாமல் தொடக்கூடாது. ஒருமுறை மடிந்து முறுக்கிக்கொண்டால் அந்த இடம் பிறகு நம்பத் தகுந்ததல்ல. செயற்கை இழை வடம் எடை குறைந்தது, நீரில் மிதப்பது, இழுபடும்போது தேக்கி வைக்கும் ஆற்றலும் குறைவு. அதன் பகைவர்கள் மணல், வெயில், கூரான பாறை விளிம்பு, சூடு. இன்றைய வின்ச்சுகள் பலவற்றில் பிரேக் உருளைக்குள்ளேயே இருப்பதால், சுமையோடு வடத்தை வெளியே விடும்போது உருளை சூடேறி இழையை உருக்கிவிடக்கூடும். என் தேர்வு செயற்கை இழைதான். அடிக்கடி கழுவிக் காயவைத்துப் பார்வையிடும் பொறுமை இல்லாதவருக்கு எஃகே மேல். ஆனால் எஃகுவடம் அறுத்துக் காடி போட்ட வழிவாயில் புதிய இழைவடத்தை நுழைக்கக்கூடாது. வடத்தை மாற்றும்போது வழிவாயையும் மாற்ற வேண்டும்.

வடத்தைக் குறித்து இவ்வளவு சொல்வதற்குக் காரணம் அது அறுபடும் என்பதுதான். இறுகிய வடமோ, அதைப் பிடித்திருக்கும் கொக்கியோ விட்டுப்போனால் அந்த விசை எதையாவது தேடிப் போகும். வழியில் நிற்பவர் பெரும்பாலும் வண்டிக்காரர் அல்லர். உதவ வந்த நண்பர், வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து ஊர்ச் சிறுவன். வடத்தின் நடுவில் கனமான கம்பளியோ ஈரச் சாக்கோ போட்டு வைப்பதும், இழுபட்ட வடத்தைத் தாண்டாமல் இருப்பதும், மற்றவர்களை வடத்தின் நீளத்துக்கும் மேலாக விலகி நிற்கச் சொல்வதும் மிகையான அச்சமல்ல. கப்பி போட்ட இழுவையில் ஒவ்வோர் இழையும் தாங்கும் விசை பாதிதான் என்பதும் இங்கே கணக்கில் சேர வேண்டும். ஆனால் கப்பிக்கும் அதைக் கட்டிய மரத்துக்கும் இரண்டு இழைகளின் சுமையும் சேர்ந்து வருகிறது. ஆகவே கப்பியும் ஷேக்கிளும் வடத்தைவிட இருமடங்கு வலுவுள்ளவையாக இருக்க வேண்டும்.

மரம் என்றேன். அதற்கும் ஒரு கணக்கு உண்டு. வெறும் கம்பிவடத்தை அடிமரத்தில் சுற்றி இழுத்தால் பட்டை உரிந்துவிடும். மரப்பட்டையைச் சுற்றிலும் அறுத்துவிட்டால் அந்த மரம் மெல்லச் சாகும். அகன்ற துணிப்பட்டையை அடிமரத்தில் தாழ்வாகச் சுற்றுவதே முறை. நம்முடைய ஒரு மணிநேர உல்லாசத்துக்கு ஒரு நூறாண்டு மரம் விலையாகக் கூடாது. மரமே இல்லாத ராஜஸ்தான் மணற்பரப்புக்குப் போகிறவர் வின்ச்சுக்குச் செலவிடும் முன்பு யோசிக்கட்டும். அங்கே உதிரிச் சக்கரத்தைப் புதைத்து அதில் வடத்தைக் கட்டலாம்தான். ஆனால் டயரில் காற்றைக் குறைத்து, சக்கரத்தின் அடியில் பலகை போட்டு வெளியேறுவது பெரும்பாலும் அதைவிட விரைவானது.

இன்னொரு செய்தி சட்டத்தைப் பற்றியது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் முன்புற இரும்புத் தடுப்புகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. அந்தத் தடுப்புகள் மோதும்போது நடந்து செல்பவர்களைக் கடுமையாகக் காயப்படுத்துகின்றன. மாதத்தில் ஒருநாள் மலையேறவும் மற்ற நாட்களில் பள்ளிக்கூட வாசலில் நிற்கவும் ஒரே வண்டியை வைத்திருப்பவர் இதை அலட்சியம் செய்ய முடியாது.

இப்படிப்பட்டவருக்கு வேறொரு வழியும் உண்டு. கையால் நெம்பி இழுக்கும் வின்ச்சை வண்டியில் பொருத்தவே வேண்டாம்; முன்னால், பின்னால், பக்கவாட்டில் எந்தத் திசையிலும் கட்டி இழுக்கலாம். மின்வின்ச்சோ முன்புறம் மட்டுமே இழுக்கும். புதைந்தவர் முன்னோக்கிப் போவதைவிட வந்த வழியே திரும்புவதுதான் பெரும்பாலும் எளிது என்பதை எண்ணினால் இந்த வேறுபாட்டின் அருமை புரியும்.

ஆகவே பணத்தைச் செலவிடும் வரிசை இப்படி இருக்கட்டும் என்பேன். முதலில் மண்வெட்டி; சக்கரத்தின் முன்னுள்ள சேற்றை அரைமணி நேரம் வெட்டி ஒதுக்கினால் தேவையான விசை கணிசமாகக் குறையும். அடுத்து வண்டியின் சட்டகத்தோடு சேர்த்து முடுக்கிய கொக்கிகள். கொக்கி பிடுங்கிக்கொண்டால் எந்த வின்ச்சாலும் பயனில்லை. பிறகு அகன்ற பட்டை, கப்பி, ஷேக்கிள், கையுறை, மரம் தொலைவில் இருந்தால் சேர்த்துக்கட்ட ஒரு நீட்டிப்பு வடம். பேட்டரியின் நலம் அதன்பின். கடைசியில் வின்ச். அப்போதும் கடைக்காரரிடம் அடுக்குவாரியாக இழுவிசை, வேகம், மின்சாரம் காட்டும் அட்டவணையைக் கேளுங்கள். அது இல்லாத கருவியின் எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் திரும்பி வந்துவிடலாம்.

தேர் இழுத்த ஊர்க்காரர்களுக்கு இது புதிதாக இராது. தேர் நின்றுவிட்டால் வடம் பிடிப்பவர்களின் எண்ணிக்கையை மட்டும் கூட்டுவதில்லை. சக்கரத்தின் பின்னால் நெம்பு போடுகிறார்கள், முட்டுக்கட்டையோடு ஆள் காத்திருக்கிறார், வடத்தின் ஓரத்தில் குழந்தைகளை விலக்க யாரோ சத்தம் போட்டுக்கொண்டே இருக்கிறார். காட்டிலும் அந்தச் சத்தம் போடும் ஆள் தேவை. வின்ச் பொருத்திவிட்ட துணிவில் தனியாகப் புறப்படுகிறவருக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: இன்னொரு வண்டியோடு போங்கள். அதை ஓட்டிவருபவர், நீங்கள் இழுவிசையைக் கூட்ட நினைக்கும் நேரத்தில் “கொஞ்சம் நிறுத்து, முதலில் மண்ணை வெட்டுவோம்” என்று சொல்லக்கூடியவராக இருக்கட்டும்.