சூடேறாத உடம்பை ஏன் இழுக்கிறீர்கள்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, 13 வயதுப் பேரனைக் கால்பந்துப் பயிற்சிக்கு நான் அழைத்துப் போக வேண்டி வந்தது. எந்த மைதானம், எந்தப் பயிற்சி நிலையம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். புதுச்சேரி சின்ன ஊர்.

காலை ஐந்தரை மணி. பனி விலகவில்லை. ஸ்கூட்டரிலிருந்து இறங்கிய பையன்களை கோச் நேராகப் புல்தரையில் உட்கார வைத்தார். காலை நீட்டி, கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும். அவர் அறுபது வரை எண்ணுகிறார். அப்புறம் அடுத்த கால், அப்புறம் இடுப்பு. அது முடிந்ததும் ஒவ்வொருவனும் பையிலிருந்து ஓர் உருளையை எடுத்தான். ஃபோம் ரோலராம். அதன்மேல் தொடையை வைத்து முன்னும் பின்னும் உருளுகிறார்கள். குழவி கீழே, அம்மி மேலே! இருபது நிமிடம் இதிலேயே போயிற்று. ஒரு பையனும் பத்தடி ஓடவில்லை. உடனே விசில், முழு வேக ஓட்டம். மூன்றாவது ஓட்டத்தில் என் பேரன் பின்தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

இழுத்ததால்தான் தசை பிடித்தது என்று நான் சாதிக்க மாட்டேன். காலமெல்லாம் குமாஸ்தாவாகக் கோப்பு பார்த்தவன். ஆதாரமில்லாமல் குறிப்பு எழுதிப் பழக்கமில்லை. ஆனால் கோச் வந்து, "வார்ம்-அப் சரியா பண்ணலை சார், பையன்" என்றாரே, அதுதான் பொறுக்கவில்லை. அங்கே வார்ம்-அப் என்று ஒன்று நடக்கவே இல்லையே!

நான் பிரெஞ்சில் படித்தவன். எங்கள் ழிம்னாஸ்திக் வாத்தியார் மைதானத்துக்குள் நுழைந்ததும் "எஷோஃப்மான்!" என்று கத்துவார். நாங்கள் முனகிக்கொண்டே இரண்டு சுற்று மெதுவாக ஓடுவோம். அதற்குப் பிறகுதான் பந்தைக் கண்ணில் காட்டுவார். அந்தச் சொல்லுக்குள்ளேயே 'ஷோ', அதாவது சூடு, இருக்கிறது. ஆங்கிலத்து 'வார்ம்' என்பதும் அதுதான். உடம்பை இழுப்பதற்கு பிரெஞ்சில் 'எத்திர்மான்' என்று வேறு சொல். இரண்டு வேலைக்கு இரண்டு பெயர். நம் கோச்சுகள் இரண்டையும் ஒரே கோப்பில் கட்டிவிட்டார்கள்.

மெதுவாக ஓடினால் இதயம் வேகம் பிடிக்கிறது, தசைக்கு ரத்தம் கூடுதலாகப் போகிறது, தசை சூடாகிறது. சூடான தசைதான் சட்டென்று சுருங்கி விரியும். குளிர்ந்த புல்லில் உட்கார்ந்து கட்டைவிரலைப் பிடித்தால் இதில் எது நடக்கும்? ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடித்திருந்தால், கொஞ்ச நேரத்துக்கு அதன் விசை சற்றுக் குறையும் என்றே ஆய்வுகள் சொல்கின்றன. பாயவும் குதிக்கவும் போகிற பையனுக்கு இதுவா தேவை? கால் நிமிடம், அரை நிமிடம் என்றால் பெரிய கெடுதல் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். இழுத்தால் மறுநாள் வலி வராது என்கிறார்களே, அதையும் 2011-இல் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு அலசியது. முன்னால் இழுத்தாலும் பின்னால் இழுத்தாலும் சொல்லிக்கொள்ளும்படி வலி குறையவில்லை.

உருளைக்கு வருவோம். அது சுத்தமாக வீண் என்று சொல்ல மாட்டேன். உருண்டால் மூட்டு கொஞ்ச நேரம் தாராளமாக மடங்கும். ஆடி முடித்தபின் உருண்டால் வலி சற்றுக் குறையலாம். அவ்வளவுதான். ஓட்டத்துக்கு அது ஈடாகாது. இதற்கு 1,200 ரூபாய், அதுவும் கோச்சிடமே வாங்க வேண்டுமாம். மீன்பிடிக் குப்பத்திலிருந்து வருகிற பையன் ஒருவன் உருளை இல்லாமல் ஓரமாக நின்றுகொண்டிருந்தான். என் வயிறு எரிந்தது அங்கேதான்.

கால்பந்தை நடத்துகிற ஃபிஃபாவே என்ன சொல்கிறது? '11 ப்ளஸ்' என்று 2006-இல் ஒரு வார்ம்-அப் முறை வகுத்தார்கள். 15 பயிற்சிகள், மொத்தம் சுமார் 20 நிமிடம். முதல் 8 நிமிடம் மெதுவான ஓட்டம், இடுப்பைத் திருப்புவது, காலை வெளியே உள்ளே சுழற்றுவது. அடுத்த 10 நிமிடம் வலு, சமநிலை, குதிப்பு. கடைசி 2 நிமிடம் வேக ஓட்டம். நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்களிடம் சோதித்து 2008-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். மொத்தக் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. பந்து போதும். உருளை கேட்கவில்லை.

பரதநாட்டியம் ஆடுகிறவருக்கும் ஜிம்னாஸ்டிக் செய்கிறவருக்கும் உடம்பு வளைந்துதான் ஆக வேண்டும். அவர்கள் இழுக்கட்டும், சூடேறியபின்.

கடற்கரைச் சாலையில் நடக்க வரும் என் வயது நண்பர்களுக்கும் இது சேரும். வந்ததும் வராததுமாகக் கட்டைச் சுவரில் காலைத் தூக்கி வைத்து முக்குகிறீர்களே, முதலில் காந்தி சிலையிலிருந்து ஐந்து நிமிடம் ஆடி அசைந்து நடந்துவிட்டு வாருங்கள். பெத்தாங் ஆடுகிற நம் கிழவர்கள்கூடக் குண்டைத் தொடும் முன் கையை நாலு தரம் வீசிப் பார்க்கிறார்கள்.

பேரன் தேறிவிட்டான், வருகிற ஞாயிறு திரும்பப் போகிறான். அந்தப் 15 பயிற்சிகளையும் தமிழில் எழுதி, இருபது நகல் எடுத்து வைத்திருக்கிறேன். கோச் இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்: ஐந்தரைக்கு நான் மைதானத்து வாசலில் இருப்பேன்.