செயலிழந்த கால்களும் சட்டத்தின் வாக்கும்

பூண்டுலோயா மலைச்சரிவுகளிலே கொழுந்து பறிப்போரும் கவ்வாத்து வெட்டுவோரும் தம் கால்களை நம்பியே வாழ்கின்றனர். வழுக்கி விழுந்து முள்ளந்தண்டு முறிந்தாலோ, பாரிசவாதம் தாக்கினாலோ, குடும்பத்தின் அடுப்பே அணைகின்றது. உயிரை வைத்தியர் காத்துவிடுகின்றார். அதன்பின்? லயத்தின் மூலையிலே பாய்தான் கதி என்பதை நாம் ஏற்பதற்கில்லை.

விஞ்ஞானம் கூறுவது யாது? முள்ளந்தண்டு முறிந்தால் மூளையின் கட்டளை தடைப்படுகின்றதேயன்றி, காயத்துக்குக் கீழுள்ள நரம்பும் தசையும் பெரும்பாலும் சாவதில்லை. தொடையிலும் பிட்டத்திலும் மின்வாய்களை ஒட்டி, மிதிகட்டை சுழலும் வேளைக்கேற்பச் சிறு மின்துடிப்புகளைச் செலுத்தினால், செயலிழந்த கால்களே சைக்கிளை மிதிக்கின்றன. 1980களில் அமெரிக்காவில் வளர்ந்த இம்முறையில், 2016இல் சுவிட்சர்லாந்திலே பந்தயமே நடந்தது.

இது எழுந்து நடக்கவைக்கும் மந்திரமன்று. மெலிந்த தசையைத் தேற்றும். இரத்த ஓட்டத்தையும் இருதயத்தையும் பேணும். நரம்பே பட்டுப்போன தசைக்குப் பயன்படாது. எலும்பு நலிந்தோருக்கும், மேல்முதுகிலே காயமுற்றோருக்கும் தீங்கு நேரலாம். ஆகவே தேர்ந்தவரின் கண்காணிப்பு இன்றியமையாதது.

அக்கண்காணிப்பு நம்மவர்க்கு எட்டுகின்றதா? ராகமையிலும் திகனவிலும் புனர்வாழ்வு வைத்தியசாலைகள் உள்ளன. திகனவுக்கோ கண்டியையும் தாண்டவேண்டும். வாரம் மூன்று முறை, மாதக்கணக்கில் செய்யவேண்டிய பயிற்சிக்கு, நாட்சம்பளத்தை இழந்து நோயாளியைச் சுமந்துசெல்ல எத்தொழிலாளியால் இயலும்?

மாற்றுத் திறனாளர் உரிமையைக் காக்க 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் உண்டு. 2016இல் இலங்கை ஏற்றுறுதி செய்த ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 26ஆம் உறுப்புரையோ, புனர்வாழ்வுச் சேவை இயன்றவரை விரைவில் தொடங்கவேண்டும், கிராமப்புறம் உட்பட அவரவர் வாழிடத்துக்கு இயன்றவரை அருகில் கிடைக்கவேண்டும் என்கின்றது. கிராமப்புறம் என்ற சொல்லிலே தோட்டம் அடங்காதா?

செலவு மிகும் என்பர். சைக்கிள் விலையுயர்ந்தது, மறுக்கவில்லை. ஆயினும் முதலில் வேண்டியவர் இயன்மருத்துவர், அடுத்தது தசையைத் தூண்டும் சிறு கருவி, சைக்கிள் பின்னரே. இது வீண்செலவு என்போர் வேலூரை நோக்குக. 1954இல் வாகன விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியிலிருந்தே சத்திரசிகிச்சை செய்தார். 1966இல் அங்கு எழுந்த புனர்வாழ்வு நிலையத்துக்கும் அடிகோலினார். முறிந்தது முதுகேயன்றி மனிதரன்று.

நுவரெலியா மாவட்டத்திலே, தோட்ட மக்கள் ஒரே நாளில் எளிதாய்ப் போய்த் திரும்பத்தக்க இடத்தில் அத்தகைய பிரிவொன்று அமையவேண்டும். வைத்தியர்கள் தேவையைக் கணக்கிடுக; சட்டத்தரணிகள் மனு வரைக; உழவரும் தொழிலாளரும் அதிலே ஒப்பமிடுக. நாம் கேட்பது கருணையன்று. சட்டம் ஏற்கெனவே கொடுத்த வாக்கு.