நிற்கிற எழுத்து ஓடுவது எப்படி?

2017 நவம்பர் 26. அந்த ஆண்டின் கடைசி ஃபார்முலா 1 பந்தயம் அபுதாபியில் முடிந்தது. வெற்றி மேடைக் கொண்டாட்டத்தோடு ரசிகர்களுக்கு இன்னொன்றும் காட்டப்பட்டது. அது, போட்டியின் புது லோகோ!

பழைய லோகோ நினைவிருக்கிறதா? வலப்பக்கம் சாய்ந்த, தடித்த கறுப்பு 'எஃப்'. பக்கத்தில் காற்றைக் கிழித்துப் பறக்கும் சிவப்புக் கோடுகள். சரி, அதில் 'ஒன்று' எங்கே? இரண்டுக்கும் நடுவே விட்டிருந்த வெள்ளை இடம்தான் 'ஒன்று'. பல வருடம் பந்தயம் பார்த்தும் இதைக் கவனிக்காதவர்கள் உண்டு. லண்டனின் கார்ட்டர் வாங் நிறுவனம் வடிவமைத்த இந்த லோகோ, 20 ஆண்டுகளுக்கும் மேல் புழக்கத்தில் இருந்தது.

அதனால்தான் மாற்றம் பலருக்கும் வலித்தது. சாம்பியன்களான லூயிஸ் ஹாமில்டனும் செபாஸ்டியன் வெட்டலுமே பழையதுதான் பிடித்தது என்று வெளிப்படையாகச் சொன்னார்கள்.

அப்புறம் ஏன் மாற்றினார்கள்? அந்த ஆண்டுதான் லிபர்ட்டி மீடியா நிறுவனம் ஃபார்முலா 1-ஐ வாங்கியிருந்தது. ரசிகர்கள் செல்போனுக்கு நகர்ந்துகொண்டிருந்த காலம். பழைய லோகோவின் மெல்லிய கோடுகள் சின்னத் திரையில் எடுபடாது. எளிமையான, தடித்த வடிவம் தேவைப்பட்டது. ஆனால், ஒன்றை மட்டும் அவர்கள் கைவிடவில்லை. புது லோகோவும் வலப்பக்கம்தான் சாய்ந்திருக்கிறது!

சாய்ந்தால் வேகமா? ஓட்டப்பந்தய வீரரைப் பாருங்கள். கிளம்பும்போது உடம்பு முன்னால் சாய்கிறது. ஆங்கிலத்தை இடமிருந்து வலமாக வாசிப்பதால், வலப்பக்கம் சாய்ந்த எழுத்து 'முன்னால் போகிறது' என்று தோன்றுகிறது. அதையே இடப்பக்கம் சாய்த்தால், பிரேக் போட்ட மாதிரி ஆகிவிடும்.

கேமராவுக்கும் இதில் பங்கு உண்டு. 1910-களின் தொடக்கத்தில், ழாக் ஆன்ரி லார்டீக் என்ற பிரெஞ்சு இளைஞர் ஒரு பந்தயக் காரைப் படம் எடுத்தார். அந்தக் காலத்து கேமரா, காட்சி முழுவதையும் ஒரே நொடியில் பதியாது. சக்கரத்தின் கீழ்ப்பகுதி முதலில் பதிவாகி, மேல்பகுதி பதிவாவதற்குள் கார் நகர்ந்துவிட்டது. விளைவு, வட்டமான சக்கரம் முன்னால் சாய்ந்த முட்டை வடிவமானது. இன்றும் வேகத்தைக் காட்டும் படங்களில் இது புகழ்பெற்றது.

சுவாரஸ்யம் என்னவென்றால், சாய்வெழுத்து பிறந்ததற்கும் வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை. 1501-ல் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூட்டியஸ் என்ற பதிப்பாளர், கையடக்கப் புத்தகங்களுக்காக அதைப் பயன்படுத்தினார். எழுத்தை வெட்டிக் கொடுத்தவர் ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ. கையெழுத்தின் சாயலில் உருவான எழுத்து அது. பந்தயக் காரில் ஏறியதெல்லாம் பிற்காலக் கதை.

கம்ப்யூட்டரில் ஒரு பட்டனைத் தட்டினால் எந்த எழுத்தும் சாயுமே என்று கேட்கலாம். சாயும், ஆனால் கெட்டுப்போகும். ஆங்கில 'ஓ'வை அப்படியே சாய்த்தால், எதிரெதிரான இரு மூலைகளில் கோடு தடிக்கும். மற்ற இரண்டில் மெலியும். தடித்த எழுத்தில் இந்தக் கோணல் இன்னும் பளிச்சென்று தெரியும். அதனால், ஒவ்வொரு வளைவையும் வடிவமைப்பாளர் கையால் திருத்த வேண்டும்.

புது லோகோவுடன் ஃபார்முலா 1-க்கென்றே தனி எழுத்துருக்களும் வந்தன. உருவாக்கியவர், பிரெஞ்சு வடிவமைப்பாளர் மார்க் ரூவோ. ரெகுலர், டர்போ, டார்க் என மூன்று வகை. பேரிலேயே இன்ஜின் சத்தம் கேட்கிறது, இல்லையா? ரெகுலர், சாதாரண வாசிப்புக்கு. மற்ற இரண்டும் பெரிதாகப் போட்டு அசத்துவதற்கு.

வேகத்தையே விற்கிற போட்டிக்குக்கூட, ஏன் இப்படி ஒரு அமைதியான எழுத்து தேவைப்பட்டது? சாய்வும் தடிப்பும் ஓரிரு வார்த்தைக்குத்தான் அழகு. பத்தி முழுக்கப் போட்டால் கண் களைத்துவிடும்.

அடுத்த முறை டி.வி-யில் பந்தயம் பார்க்கும்போது கவனியுங்கள். லோகோ சாய்ந்து பறக்கும். ஆனால், யார் முன்னிலை, எத்தனை நொடி வித்தியாசம் என்று சொல்லும் ஓரத்துப் பட்டியலில் எழுத்துகள் நிமிர்ந்து நிற்கும். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வெற்றியைத் தீர்மானிக்கும் இடத்தில், எண்ணைத் தப்பாகப் படித்துவிடக் கூடாதே!