பிரமாணம் யார் பெயரில்?

சென்ற திங்கள் வீடு பார்க்கப் போனேன். எனக்காக அன்று; மணமாகி ஐந்தாண்டு கண்ட ஓர் இணையருக்காக. அவன் பள்ளி ஆசிரியன். அவள் மருத்துவமனையில் செவிலி. நாகர்கோவில் வடசேரியில் ஒன்று, வெட்டூர்ணிமடத்தில் ஒன்று என இரண்டு வாடகை வீடுகளில் ஐந்தாண்டும் கழிந்தன. சுவரில் ஓர் ஆணி அறையவும் வீட்டுக்காரர் முகம் பார்க்க வேண்டிய வாழ்வு. மகளுக்குப் பள்ளிப் பருவம் வந்துவிட்டது. இனி ஒரே கூரை, அதுவும் நம் கூரை என்று துணிந்துவிட்டார்கள். கூட்டம் பேச வந்த என்னை, "அண்ணனும் வந்து ஒரு பார்வை பாருங்க" என்று வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். வீட்டைப் பற்றி எனக்கென்ன தெரியும்? மேடையிலே அட்டை வீடு கட்டத் தெரியும். காட்சி முடிந்ததும் பிரித்தடுக்கவும் தெரியும். ஆயினும் போனேன்.

தேரூர்ப் பக்கம். கவிமணி பிறந்த ஊர். ஐந்து சென்ட் மனையிலே பத்தாண்டுக்கு முன் எழுந்த வீடு. ஒரு காலத்தில் அங்கே நெல் விளைந்திருக்க வேண்டும். பின்புறம் மண் இன்னும் வயலாகவே வாசம் வீசியது. தரகர் முன்னே, நாங்கள் பின்னே. ஆசிரியனின் தந்தையும் உடன் வந்திருந்தார்.

என்ன சோதனை, என்ன சோதனை! பெரியவர் வாசலின் திசை பார்த்தார். ஆசிரியன் சுவரைத் தட்டிப் பார்த்தான். 2021 நவம்பர் வெள்ளத்தில் இந்தத் தெருவிலே நீர் எவ்வளவு ஏறியது என்று அடுத்த வீட்டாரை விசாரித்தான். அந்தப் பெண் கிணற்று நீரைக் கையில் அள்ளி வாயில் ஊற்றிப் பார்த்தாள். அடுக்களையில் நின்று சன்னலைத் திறந்து மூடினாள். முன்பத்திரம் கேட்டார்கள், வில்லங்கச் சான்று கேட்டார்கள், பட்டா கேட்டார்கள். மூன்று மணி நேரம்! அரசு அமைக்க வருவோரைக்கூட மக்கள் இவ்வளவு துருவிப் பார்ப்பதில்லையே என்று எண்ணிக்கொண்டேன்.

எல்லாம் முடிந்து தரகர் கேட்டார்: "பிரமாணம் யாரு பேருக்கு எழுதணும்?"

ஆசிரியன் வாய் திறக்குமுன் தந்தை திறந்தார்: "அவன் பேருக்குத்தான். வேற யாரு பேருக்கு?"

ஐந்து சொற்கள். அரை நொடிப் பொழுது. மூன்று மணி நேரம் செங்கல்லைத் தட்டிப் பார்த்தவர்கள், இந்தக் கேள்வியைத் தட்டிப் பார்க்க மூன்று நொடியும் செலவிடவில்லை. அந்தப் பெண் கிணற்றடியைப் பார்த்தபடி நின்றாள். முன்பணத்துக்காக விற்கப்பட இருப்பது அவள் கழுத்திலும் கையிலும் இருந்த 45 பவுன் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பிரமாணம்! பத்திரத்துக்குக் குமரி மாவட்டத்துப் பெரியவர்கள் வழங்கும் பெயர் அது. உறுதிமொழிக்கும் அதுவே பெயர். மணமேடையிலே, 'உன்னை என்றும் கைவிடேன்' என்று ஒரு பிரமாணம். சார்பதிவாளர் அலுவலகத்திலே, 'உனக்கு இதில் ஏதும் இல்லை' என்று இன்னொரு பிரமாணம். முதலாவதற்குச் சாட்சி ஆயிரம் பேர், விருந்துண்டு போய்விடுவார்கள். இரண்டாவதற்குச் சாட்சி இரண்டே பேர். ஆனால் நீதிமன்றம் நம்புவது அந்தத் தாளைத்தான்!

இதை வேறெந்த ஊரிலும் கேட்டிருந்தால் இவ்வளவு சுட்டிருக்காது. நாஞ்சில் நாட்டிலே கேட்டேன், அதனால்தான் சுட்டது. வீட்டிலே வாழ்ந்தும் வீட்டுக்கு உரியவளாகாத பெண்ணின் துயரத்தைத் தோவாளையும் அகத்தீசுவரமும் அறிந்ததுபோல அறிந்த மண் தமிழகத்தில் வேறு உண்டா?

மருமக்கள்வழி என்றொரு முறை இருந்தது இங்கே. மேற்கே நாயர் தரவாட்டிலும் அதுதான் முறை. ஆனால் அங்கே பெண் தாய்வீட்டிலேயே இருந்தாள், கூரை அவள் தாய்வழிக் கூரை. நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பத்திலோ பெண் கணவன் வீட்டுக்கு வந்தாள். நெல் குத்தினாள், பிள்ளை பெற்றாள், நாலுகெட்டு வீட்டை நாளெல்லாம் கூட்டிப் பெருக்கினாள். கணவன் கண்மூடினால் சொத்து யாருக்கு? அவன் சகோதரியின் மக்களுக்கு! பெற்ற பிள்ளைகளுக்கு 'உகந்துடைமை' என்று ஒன்று. கால் பங்குக்கு மேற்படாதது. உகந்து கொடுப்பதாம்! உரிமை என்று சொல்ல நா எழாதபோது உகப்பு என்று சொல்லிவிடுவது உலகெங்கும் உடையவர்களுக்குக் கைவந்த கலை.

என் பாட்டியின் தாய் அப்படி வெளியேறியவள். பதினாறாம் நாள் சடங்கு முடிந்த மறுநாள், ஒரு வெண்கலப் பானையும் மூன்று பிள்ளைகளுமாக இறங்கினாளாம். பானை இன்னும் எங்கள் வீட்டிலே இருக்கிறது.

அந்த அவலத்தைத்தான் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' என்று பாடினார். 1917, 18ஆம் ஆண்டுகளில் 'தமிழன்' இதழில் பகுதி பகுதியாக வந்தது. ஐந்தாம் மனைவியாக வாழ்க்கைப்பட்ட பெண் தன் கதையைத் தானே சொல்வதாக அமைந்த நூல். படித்தவர்கள் சிரித்தார்கள், சிரித்தவர்களில் சிலர் தம் வீட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். சமூகத்துக்குள்ளேயே கிளர்ச்சி வளர்ந்தது. 1926இல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தைக் கொண்டுவந்தது. மக்களுக்கு வழி பிறந்தது.

கிறித்தவர் வீட்டில் மட்டும் வேறு கதையா? 1916ஆம் ஆண்டு திருவிதாங்கூர் கிறித்தவ வாரிசுரிமைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். உயில் எழுதாமல் தந்தை இறந்தால் மகளுக்குக் கிடைப்பது மகன் பங்கிலே கால், அல்லது 5,000 ரூபாய். இரண்டில் எது குறைவோ அது! கைம்பெண்ணுக்கு நிலத்திலே ஆயுள்வரை அனுபவம். மறுமணம் செய்துகொண்டால் அதுவும் அற்றுப்போகும். கேரளத்து மேரி ராய் என்னும் அம்மையார், உதகமண்டலத்திலே தந்தைக்குரிய வீட்டிலிருந்து வெளியேறு என்று உடன்பிறந்தவரே சொல்லக் கேட்டவர், உச்சநீதிமன்றம் வரை சென்றார். 1951ஆம் ஆண்டிலிருந்தே அந்தச் சட்டம் செல்லாது, இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று 1986இல் தீர்ப்பு வந்தது. பழைய திருவிதாங்கூர் மண்ணான விளவங்கோட்டுக்கும் கல்குளத்துக்கும் அதனால் விடிவு பிறந்தது.

அங்கேயும் கால், இங்கேயும் கால்! இந்து வீடானாலும் கிறித்தவ வீடானாலும் கால் கொடுத்தார்களே தவிர, காலூன்ற இடம் கொடுத்தார்களா?

1929இல் செங்கற்பட்டிலே கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்கு ஆணோடு சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1956இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. வந்தது, ஆனால் வாசலிலே ஒரு தாழ்ப்பாளோடு வந்தது. அதன் 23ஆம் பிரிவைச் சட்டம் படித்தவர்கள் அறிவார்கள். நான் கல்லூரியை இடையிலே விட்டு இறங்கியவன். ஒரு வழக்கறிஞத் தோழர்தான் எனக்குப் படித்துக் காட்டினார். குடும்பம் குடியிருக்கும் வீட்டை, ஆண் வாரிசுகள் தங்களுக்குள் பங்கிட முன்வரும்வரை, பெண் வாரிசு பங்கு கேட்கக்கூடாது! மணமாகாத மகள், கைவிடப்பட்ட மகள், கைம்பெண்ணான மகள் ஆகியோர் மட்டும் அங்கே தங்கிக்கொள்ளலாம். தோட்டத்தைக் கேள், தோப்பைக் கேள், வீட்டை மட்டும் கேளாதே! வீடு என்றதும் ஆண்மனம் எங்கே போய் ஒளிகிறது பாருங்கள்.

1989இல் தமிழக அரசு திருத்தம் கொண்டுவந்து மூதாதையர் சொத்திலே மகளுக்கும் மகனோடு சம உரிமை தந்தது. செங்கற்பட்டுத் தீர்மானம் சட்டமாக அறுபதாண்டு! அதிலும் முன்பே மணமாகிப் போன மகளுக்கு அது பொருந்தவில்லை. அந்தக் குறையும், அந்த 23ஆம் பிரிவுத் தாழ்ப்பாளும் 2005இல்தான் இந்தியா முழுமைக்கும் நீங்கின.

ஆகவே கேட்கிறேன். தேரூரிலே அன்று, அந்தப் பெண்ணின் பெயரை எழுதாதே என்று தடுத்த சட்டம் எது? ஒன்றுமில்லை! தடுத்தது ஒரு தந்தையின் ஐந்து சொற்கள். அதைவிடப் பெரிதாக, ஒரு கணவனின் மௌனம்.

கெட்டவனா அவன்? அல்லன். இரவுப்பணி முடிந்து அவள் வரும்போது சோறு வடித்து வைத்திருப்பவன். அவனைத் தனியே அழைத்துக் கேட்டேன்.

"என் பேரில் இருந்தா என்ன, அவ பேரில் இருந்தா என்ன அண்ணே? எல்லாம் ஒண்ணுதானே?"

"ஒன்றுதான் என்றால் அவள் பெயரில் எழுதிவிடு தம்பி."

பேச்சில்லை. எல்லாம் ஒன்று என்பவர்கள், அந்த ஒன்றைத் தம் பெயரிலேயே வைத்துக்கொள்ள விரும்புவது ஏனோ!

"கடன் என் பேரில் வருது அண்ணே" என்றான் பிறகு. கடன் தாளைக் காட்டு என்றேன். விண்ணப்பத்திலே இணைக் கடனாளி என்று அவள் பெயர்! சம்பளச் சான்று அவளுடையதும் இணைத்திருக்கிறது. அவள் ஊதியத்தையும் சேர்த்துக் கணக்கிட்டுத்தான் வங்கி கடனளிக்க இசைந்திருக்கிறது. இருபதாண்டுத் தவணைக்கு அவள் பொறுப்பு. தவணை முடிந்து நிற்கும் வீட்டுக்கு அவள் பொறுப்பில்லை. கடனிலே பங்காளி, வீட்டிலே விருந்தாளி! வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இல் வந்ததென்று மேடைதோறும் முழங்குகிறோம். பெண்வீட்டார் போட்ட பொன் உருகிச் செங்கல்லாகி, கணவன் பெயரிலே கட்டடமாகி நிற்கிறதே, இதற்கு எந்தச் சட்டப் புத்தகத்தில் என்ன பெயர்?

சிலர் சொல்வார்கள்: குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இல் வந்துவிட்டது, மனைவியை வீட்டைவிட்டு விரட்ட முடியாது என்று. உண்மை. மாமனார் பெயரில் இருக்கும் வீடானாலும் அவள் குடியிருக்கும் உரிமையைக் கோரலாம் என்று 2020இல் உச்சநீதிமன்றமும் சொல்லிவிட்டது. நல்ல தீர்ப்பு, வரவேற்கிறேன். ஆனால் குடியிருப்பது வேறு, உடையவளாக இருப்பது வேறு. குடியிருப்பவள் இந்த வீட்டை விற்க முடியாது, அடகு வைத்து மகளைப் படிக்கவைக்க முடியாது, அவளைக் கேளாமல் விற்பவனைக் கையெழுத்து மறுத்து நிறுத்தவும் முடியாது. விரட்டப்படும்போது மட்டும் நினைவுக்கு வரும் உரிமை அது. வாழும்போது வேண்டிய உரிமை அல்லவா நாம் கேட்பது?

பெண்கள் பெயரில் பதிவு செய்யும் 10 இலட்சம் ரூபாய் வரையான வீடு, மனை, விளைநிலத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காட்டைத் தமிழக அரசு 2025 ஏப்ரல் முதல் நாளிலிருந்து குறைத்தது. நல்ல தொடக்கம் என்று கைதட்டுகிறேன். கைதட்டிக்கொண்டே கேட்கிறேன், 10 இலட்சத்துக்கு நாகர்கோவிலைச் சுற்றி எந்த வீட்டின் எந்த அறை கிடைக்கும்? வரம்பு உயரட்டும். அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. வாங்குவோர் பட்டியலில் கணவன் பெயருக்குப் பக்கத்தில் மனைவி பெயரையும் சேர்ப்பதற்கு முத்திரைத்தாள் ஒரு காசும் கூடுவதில்லை. செலவில்லாத சீர்திருத்தம் இது. செலவில்லை என்பதால்தான் சாக்கும் இல்லை.

பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "நாளைக்கு ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகலேன்னா?" என்றார். ஒத்துப்போகாவிட்டால் அவள் 45 பவுனோடு சுவருக்குள் அடைபட்டிருப்பாளே, அவள் கதி என்ன என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அவருக்கும் இரண்டு பெண்மக்கள்.

அதுவரை வாய் திறவாதிருந்த அந்தப் பெண் அப்போது பேசினாள். என்னைப் பார்த்துத்தான்.

"அண்ணன் வீடு யாரு பேரில் இருக்கு?"

ஆறாண்டுக்கு முன் வாங்கிய வீடு. அந்த ஆறாண்டில் பெண்ணுரிமை பேசிய கூட்டங்கள் எத்தனை, எழுதிய நாடகங்கள் எத்தனை! நாடகக்காரன் புத்தி, தப்பிக்க ஒரு வசனம் தேடியது. கிடைக்கவில்லை. "என் பேரில்தான் அம்மா" என்றேன். பெரியவர் அன்றைக்கு முதன்முறையாகச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். கோபமில்லை, பூரிப்புமில்லை. "மாத்தி எழுத எவ்வளவு ஆகும்?" என்றுதான் கேட்டாள். விசாரித்தோம். குடும்பத்துக்குள் எழுதும் தானசெட்டில்மெண்டுக்கு முத்திரைக் கட்டணம் 40,000 ரூபாய்க்கும் பதிவுக் கட்டணம் 10,000 ரூபாய்க்கும் மேல் போகாதபடி 2023இல் வரம்பு கட்டியிருக்கிறார்கள். வாங்கும்போதே இருவர் பெயரிலும் எழுதியிருந்தால் இந்தச் செலவு எனக்கு இல்லை. பாதி வீட்டை அவள் பெயருக்கு எழுதிக்கொடுக்க வரும் புதன்கிழமைக்கு நேரம் பெற்றிருக்கிறேன்.

தேரூர் வீட்டுக்கு இதை எழுதும்வரை முன்பணம் கொடுக்கவில்லை. பெரியவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.