கம்பளி மூட்டை காக்குமா?

நெய்வேலி நகரியத்தின் வட்டங்களிலிருந்து இமயமலையின் பனிக்கால நடைப்பயணத்திற்குப் புறப்படும் இளைஞர்க்கு, வீட்டுப் பெரியோரும் அண்டை அயலாரும் தவறாமல் சொல்லியனுப்பும் உபதேசம் ஒன்று உண்டு: வெயிலிலே வளர்ந்த சரீரம் பனியைத் தாங்காது, ஆகையால் கம்பளியை எவ்வளவு கனமாக அடைக்க முடியுமோ அவ்வளவும் அடைத்துக்கொள் என்பதே அது. அன்பிலே பிறந்த சொல்லாதலால் அதை அலட்சியமாக ஒதுக்க மனம் வரவில்லை. ஆயினும், அதை அப்படியே நம்பி மூட்டை கட்டுவோர் மலையிலே அல்லற்படுவதால், மறுக்காமல் விடுவதும் தர்மமன்று.

கனத்த ஆடை உஷ்ணத்தைத் தரும் என்பது முதற்கூற்று. எந்த ஆடையும் உஷ்ணத்தைத் தருவதில்லை. சரீரம் உண்டாக்கும் உஷ்ணத்தை, தன் இழைகளுக்கிடையே அசையாது நிற்கும் காற்றைக்கொண்டு காப்பதே அதன் காரியம். உத்தராகண்டத்தின் சாங்க்ரி கிராமத்திலிருந்து, சுமார் 3,800 மீட்டர் உயரமுள்ள கேதார்காந்தாச் சிகரத்தை நோக்கி முதுகுச் சுமையுடன் ஏறுகிறவன், சுற்றிலும் பனி கிடந்தாலும் சிறிது நேரத்தில் வியர்த்துவிடுகிறான். தடித்த கம்பளிச் சட்டை ஒன்றை மட்டுமே நம்பியவனுக்குக் கழற்றினால் குளிர், கழற்றாவிட்டால் வியர்வை. மெல்லிய உள்ளாடை, அதன்மேல் ஃப்ளீஸ், நின்று இளைப்பாறும்போது அணிய இறகு அடைத்த ஜாக்கெட், காற்றையும் மழையையும் தடுக்க ஒரு மேலங்கி என்று அடுக்கடுக்காக வைத்துக்கொண்டவனோ, ஏறும்போது களைந்தும் நிற்கும்போது அணிந்தும் வியர்வைக்கு இடங்கொடாமல் நடக்கிறான்.

உள்ளே நம் பருத்திப் பனியனே சுகம் என்பது அடுத்த வாதம்; எல்லாவற்றிலும் அபாயகரமானது இதுவே. ஈரம் உஷ்ணத்தை விழுங்கும் என்பதை அறிய நெய்வேலிவாசி வேறெங்கும் போக வேண்டியதில்லை. இவ்வூர்ச் சுரங்கத்தில் வெட்டியெடுக்கும் பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறக்குறையப் பாதி ஈரமே. எரிக்கும்போது அந்நீரை ஆவியாக்குவதற்கே உஷ்ணத்தில் ஒரு பகுதி விரயமாகிறது. வீட்டு அடுப்புக்கென லெகோ கட்டிகளை இங்கே தயாரித்த காலத்தில், கரியை உலர்த்திய பின்னரே கட்டியாக அழுத்தினார்கள். வியர்வையில் ஊறிய பனியனும் சரீரத்தின் உஷ்ணத்தை அவ்வாறே செலவழிக்கிறது. பருத்தி நீரை உறிஞ்சித் தேக்கிக்கொள்ளும், எளிதில் உலராது. நீரோ காற்றைக்காட்டிலும் இருபது மடங்குக்கு மேல் வேகமாக உஷ்ணத்தைக் கடத்தும். எனவே உள்ளாடை மெல்லிய மெரினோ கம்பளியாகவோ பாலியெஸ்டராகவோ இருத்தல் அவசியம்.

காலுறையை மூன்று ஜோடியாகப் போட்டுக்கொள் என்பாரும் உளர். இறுகிய பூட்ஸில் இரத்த ஓட்டம் குன்றி, விரல்கள் முன்னினும் சீக்கிரம் மரத்துப்போகும். ஒரு கம்பளிக் காலுறையும், விரல்கள் அசைய இடமுள்ள பூட்ஸுமே போதும். அந்தப் பூட்ஸையும் ஈரத்தோடு வெளியே விடலாகாது. 1953 மே 29 அன்று, எவரெஸ்ட் உச்சியை அடைய வேண்டிய காலையிலே, இரவில் கழற்றி வைத்த எட்மண்ட் ஹிலாரியின் ஈரப் பூட்ஸ் கல்லாக உறைந்து கிடந்தது. அதை அடுப்பில் வாட்டி இளக்கிய பின்னரே அவர் புறப்பட முடிந்தது. உடன் ஏறிய டென்சிங் நார்கேயோ தம் பூட்ஸைக் கழற்றாமலே உறங்கியிருந்தார்.

குளிருக்கு இதமென்று சிலர் எடுத்துச்செல்லச் சொல்லும் பிராந்திப் புட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. மது, தோலின் இரத்தக் குழாய்களை விரித்துச் சூடேறியதுபோன்ற பிரமையைத் தந்து, உள்ளுஷ்ணத்தை வெளியே கொட்டிவிடும். அதைக் காட்டிலும் வெந்நீர் நிரப்பிய குடுவையொன்று உறக்கப் பைக்குள் இருப்பது மேல். கைவிளக்கின் பேட்டரிகளும் குளிரில் சக்தி இழக்குமாதலால் அவற்றுக்கும் அங்கேயே இடம் வேண்டும்.

கனத்த கம்பளிகளை வீட்டிலேயே விட்டுவிட்டால் பையில் இடம் மிஞ்சும். அந்த இடத்தில், இரவு உறக்கத்திற்கென்றே ஓர் உலர்ந்த உள்ளாடையும் ஒரு ஜோடிக் காலுறையும், நீர் புகாத உறையில் கட்டப்பட்டு இருக்கட்டும். பகலில் எவ்வளவு நனைந்தாலும் அவற்றை எடுத்து அணியலாகாது.