வாகனம் வருகிறது, டீசலுக்கு யார்?



ஊரில் ஒரு கதை அடிபடுகிறது. வெளிநாட்டு நிதியில் எங்கள் இளைஞர்களின் தொண்டர் சேவைக்கு ஓர் அம்பியூலன்ஸ் வரப்போகிறதாம். அல்ஹம்துலில்லாஹ், வரட்டும். நாங்கள் பாடசாலையில் பிள்ளைகளுக்கு வரவு செலவுக் கணக்குப் படிப்பிக்கிறவர்கள். அந்தப் பழக்கத்தில் ஒரு கேள்வி கேட்கிறோம், யாரும் கோபிக்க வேண்டாம். மாதா மாதம் டீசலுக்கு யார்?

இது சின்னக் கேள்வி மாதிரித்தான் தெரியும். பக்கத்து ஊரொன்றில், பெயர் வேண்டாம், இப்படித்தான் ஒரு வாகனம் வந்தது. நாடா வெட்டினார்கள், படம் எடுத்தார்கள், கொடையாளியின் பெயரைப் பெரிதாக எழுதினார்கள். இரண்டு வருடத்தில் பேட்டரி போய்விட்டது. அடுத்த வருடத்துக்கான வருமான உத்தரவுப் பத்திரம் எடுக்கக் காசில்லை. கடைசியாக நாங்கள் பார்த்தபோது அதற்குள்ளே கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

கொடையாளிகள் பொதுவாக ஒரு தடவைதான் கொடுப்பார்கள். கண்ணுக்குத் தெரிகிற பொருளுக்குத்தான் கொடுப்பார்கள். டயருக்கும் காப்புறுதிக்கும் ஒட்சிசன் சிலிண்டர் நிரப்புவதற்கும் யாரும் பெயர்ப்பலகை அடிப்பதில்லை.

நாட்டில் நன்றாக நடக்கிற ஒன்றையே எடுத்துப் பாருங்கள். 1990 சுவசெரிய 2016 ஜூலையில் தொடங்கியது. அதுவும் கொடையில் பிறந்ததுதான். இந்திய அரசு முதலில் சுமார் 7.5 மில்லியன் டொலர் கொடுத்தது, 88 வாகனங்களோடு மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் ஆரம்பித்தார்கள். இந்தியாவின் வேவு வேலை என்றெல்லாம் அப்போது சத்தம் போட்டார்கள், ஞாபகம் இருக்கும். பிறகு இன்னும் சுமார் 15 மில்லியன் டொலர் வந்தது. 2018இல் வடக்குக்குப் போய், அதன் பிறகு எங்கள் கிழக்குக்கும் வந்தது. வாகனங்கள் 297 ஆகின.

இந்தியாவின் காசு முடிந்த பிறகும் அது ஏன் நிற்கவில்லை? 2018இல் அதற்கென்று பாராளுமன்றத்தில் தனிச் சட்டம் கொண்டுவந்து ஒரு மன்றம் அமைத்தார்கள். சம்பளமும் எரிபொருளும் அரச பாதீட்டுக்குள் வந்தன. கொடை வாகனத்தைத் தந்தது, அதற்குப் பிறகு ஓட வைத்தது வருடாந்த ஒதுக்கீடு. எங்கள் ஊர்ச் சேவைக்கு அந்த இரண்டாவது பாதி இல்லை.

1990 இருக்கும்போது இது எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். எங்கள் ஊரின் பாதி உயிர் வட்டையில் கிடக்கிறது. இரவில் வாடியில் காவல் கிடக்கிறவரைப் புடையன் கடித்தால் வாய்க்கால் கட்டு வழியாக அவரைத் தூக்கிக்கொண்டு பெரிய வீதிக்கு வருவது யார்? அதே வட்டையில் நிற்கிற பொடியன்கள்தான். கடித்த இடத்தைக் கீறக்கூடாது, இறுக்கிக் கட்டக்கூடாது, கால் அசையாமல் படுக்கவைத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அந்தப் பொடியனுக்குத் தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. இது போக, 1990 அவசரத்துக்கு மட்டும்தான். டயாலிசிஸ் முடித்துக் களைத்துப்போனவரை வீட்டுக்குக் கொண்டுவருவதும், கண்டியிலோ கொழும்பிலோ வபாத்தானவரின் ஜனாஸாவை ஊருக்குக் கொண்டுவருவதும் தொண்டர்கள் தலையில்தான் விழுகின்றன.

2024 நவம்பர் 26ஐ எப்படி மறப்பது? மாவடிப்பள்ளியில் வெள்ளம் வீதியைக் குறுக்கறுத்து ஓடியது. மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிய எங்கள் ஊர்ப் பிள்ளைகளை ஏற்றிவந்த உழவு இயந்திரம் அந்த நீரில் அடிபட்டுப் போனது. கடற்படையும் இராணுவமும் வந்தன, எங்கள் சுற்றுவட்டாரப் பொடியன்களும் இறங்கினார்கள். நாள் கணக்காகத் தேடினார்கள். மரித்த பிள்ளைகளுக்கு அல்லாஹ் சுவர்க்கத்தைக் கொடுப்பானாக. அந்தக் கிழமை எங்கள் வகுப்பறைகள் எப்படி இருந்தன என்பதை எழுத எங்களுக்குக் கை வரவில்லை. அன்று இறங்கிய பொடியன்களுக்குத் துணிவு தாராளமாக இருந்தது. கயிறும் மிதவை அங்கியும் முறையான பயிற்சியும் எத்தனை பேருக்கு இருந்தன? இந்தப் பதிவை எழுத வைத்ததே அந்தக் கேள்விதான்.

அமெரிக்காவில் 2018இல், கிராமப்புற அவசர மருத்துவ சேவைகளுக்கு நிதி கொடுக்க ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அங்கேயும் கிராமங்களில் இதைப் பெரும்பாலும் தொண்டர்கள்தான் ஓட்டுகிறார்கள், ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறார்கள். ஒரு சேவைக்கு ஆகக் கூடியது 2 இலட்சம் டொலர். ஆட்களைச் சேர்ப்பதற்கும் பயிற்றுவிப்பதற்கும் சான்றிதழ் எடுப்பதற்கும் அந்தப் பணத்தைச் செலவழிக்கலாம், உபகரணமும் வாங்கலாம். ஆனால் கேட்கிறவர்கள் 10 வீதத்தைத் தாங்களும் போட வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் இருந்தது. அந்த 10 வீதம் எங்களுக்குப் பிடித்திருக்கிறது. தன் காசு கொஞ்சமாவது உள்ளே இருந்தால்தான் மனிசன் கணக்குக் கேட்பான்.

கராச்சியில் அப்துல் சத்தார் ஈதி ஒரு பழைய வேனோடு தொடங்கியதை உலகின் மிகப் பெரிய தொண்டர் அம்பியூலன்ஸ் சேவை என்று கின்னஸ் பதிந்திருக்கிறது. அவர் அரசாங்கத்தின் காசு வாங்கவில்லை. தெருவில் நின்று சாதாரண மக்களிடம் கை நீட்டினார். 2016 ஜூலையில் அவர் வபாத்தானார், இங்கே 1990 தொடங்கிய அதே மாதம். யாரை ஏற்றுவது என்பதில் அவர் இனமோ மதமோ பார்த்ததில்லை. இதை ஏன் சொல்கிறோம் என்றால், சுனாமிக்குப் பிறகு சவூதி உதவியில் நுரைச்சோலையில் கட்டிய 500 வீடுகளைப் பார்த்தவர்கள் நாங்கள். யாருக்குக் கொடுப்பது என்ற வழக்கிலும் இழுபறியிலும் அவை வருடக்கணக்காக ஆளில்லாமல் காடு பிடித்துக் கிடந்தன. எங்கள் வாகனம் வீரமுனைக்கும் காரைதீவுக்கும் ஓடும் என்று முதல் நாளே எழுதி வைத்துவிட வேண்டும். பிறகு பேசிக்கொள்ளலாம் என்றால் பிறகு பேச விடமாட்டார்கள்.

ஸகாத்தில் இதற்குக் கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். அது உலமாக்கள் சொல்ல வேண்டிய விடயம், எங்கள் பாடமில்லை. ஸதகாவுக்கும் வக்புக்கும் தடையில்லை. 1,000 வீடுகள் மாதம் 100 ரூபா வீதம் போட்டால் ஓர் இலட்சம். இன்றைய விலையில் 100 ரூபா இரண்டு பிளேன்ரீக்குக் காணுமோ தெரியாது. பெரும்போக அறுவடையில் வசதியுள்ள போடிமார் களத்திலேயே ஒரு மூடை நெல்லை இதற்கென்று ஒதுக்கினால் டயரும் பேட்டரியும் வந்துவிடும். பணம் தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும், வரவு செலவு மாதா மாதம் பள்ளிவாசல் பலகையில் ஒட்டப்பட வேண்டும். சிட்டை எழுத ஆளில்லை என்றால் எங்களில் இரண்டு பேர் சும்மா எழுதித் தருகிறோம்.

கொடையாளியிடமும் பேசுங்கள். வாகனத்தில் கொஞ்சம் விலை குறைத்து மிச்சத்தை இரண்டு வருட டீசலுக்கும் இருபது பொடியன்களின் முதலுதவிப் பயிற்சிக்கும் தருவீர்களா என்று கேளுங்கள். அவர் மாட்டேன் என்று சொன்னாலும் கேட்டதில் நட்டமில்லை.

வாகனத்தில் பெயரை எந்த நிறத்தில் எழுதுவது என்று இப்போதே வாதம் நடப்பதாகக் கேள்வி. அது நடக்கட்டும். பயிற்சிக்கு இடம் வேண்டுமென்றால் அதிபரிடம் பேசிப் பாடசாலை மண்டபத்தை எடுத்துத் தருகிறோம். சனிக்கிழமை காலை எங்களுக்கு வசதி. ஓ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளையும் அனுப்புங்கள், பெண் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு வைக்கலாம்.